இரண்டு தடை, ஒரே 36: யாழ்ப்பாண ஸ்டூடியோ ஒன்றில் பக்அப் வேகம் குறைந்த கதை

பின்னணி

யாழ்ப்பாண நகரில் கலியாணவீடு, சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா) எடுக்கும் ஒரு ஸ்டூடியோ. உரிமையாளர் கெசட் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். எடிட்டிங் அறையில் ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியும் வேலை செய்கிறார்கள். கணினி அலுவல்களை 2022 முதல் நான்தான் பார்த்து வருகிறேன். ஆட்களின் பெயரும் கடை இருக்கும் தெருவும் இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை.

ஒரு நிகழ்வில் எவ்வளவு டேட்டா சேர்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமரா இரண்டும் 4கே, செக்கனுக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட். ஒவ்வொரு கமராவும் மூன்று மணித்தியாலம் ஓடினால் 270. ட்ரோன், படங்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு ஏறத்தாழ 340 ஜிகாபைட்.

இதை மூன்று முறை எழுத வேண்டும் என்பது அவர்களின் பழைய விதி. கார்டிலிருந்து கணினிக்கு ஒன்று, வெளி டிஸ்க்குக்கு ஒன்று, அலுமாரியில் பூட்டி வைக்கும் இன்னொரு டிஸ்க்குக்கு ஒன்று. நல்ல விதிதான். ஆனால் அங்கே எதை எங்கே கொழுவினாலும் வேகம் செக்கனுக்கு 36 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. ஒரு பிரதிக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல், மூன்றுக்கும் ஏறக்குறைய எட்டு. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு வெளிநாட்டுச் சனமும் வந்து சேர, அடுத்தடுத்த நாட்களில் நிகழ்வு வைத்திருக்கும் கடைக்கு எட்டு மணித்தியாலம் எங்கே கிடைக்கும்? மூன்றாவது பிரதி முதலில் நின்றது. பிறகு இரண்டாவது "நாளைக்குச் செய்வம்" ஆனது. இப்படிச் செய்வோம் என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. மெதுவான கேபிள் ஒன்று விதியை மாற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

நடந்த தவறு

ஒரு சனிக்கிழமை சாமத்தியவீடு. இரவு பதினொரு மணிக்குத் தம்பி கார்டுகளைக் கொழுவி, கொப்பி பண்ண விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நடுச்சாமத்தில் கரண்ட் போனது. யூ.பி.எஸ் கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்தது. காலையில் பார்த்தபோது போல்டரில் எல்லா பைலும் இருந்தன, அளவும் சரியாகவே காட்டியது. ஞாயிற்றுக்கிழமை வேறு நிகழ்வு, கார்டு தேவை. போர்மட் செய்து கொண்டுபோனார்.

திங்கட்கிழமை ஒரு பைல் ஓடவில்லை. பன்னிரண்டு நிமிடம். விண்டோஸ் கொப்பி பண்ணத் தொடங்கும்போதே முழு அளவையும் ஒதுக்கி வைத்துவிடும். உள்ளடக்கம் பிறகுதான் வந்து நிரம்பும். இடையில் கரண்ட் போனால் அளவு சரியாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இராது. கார்டிலிருந்து மீட்கப் பார்த்தோம். ஞாயிறு எடுத்தது அதன் மேலேயே எழுதப்பட்டிருந்தது. போனது பால் அறுகு வைத்த பகுதி. மாமிமார் வரிசையில் வந்து தலையில் வைக்கும் அந்த நெருக்கமான காட்சி. இரண்டாவது கமராவில் பக்கவாட்டில் தூரமாக இருந்ததால் ஒருமாதிரிச் சமாளிக்க முடிந்தது. உரிமையாளரே வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று பின்னேரமே அவர் ஒரு விலை கூடிய வெளி எஸ்.எஸ்.டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கினார். பெட்டியில் செக்கனுக்கு 1050 மெகாபைட் என்று அச்சிட்டிருந்தது. அடுத்த நாள் எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, பெட்டியில 1050 எண்டு போட்டிருக்கு. இது 36ஐத் தாண்டுதில்லை. எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்."

முதல் நாள்: நான் எடுத்த பிழையான முடிவு

கேசிங்கின் (கணினிப் பெட்டியின்) முன்பக்க நீலப் போர்ட்டில் எஸ்.எஸ்.டி கொழுவியிருந்தது. நீலம் என்றால் வழக்கமாக வேகமான யூ.எஸ்.பி 3.0. பெரிய பைல் ஒன்றைக் கொப்பி பண்ணினேன்: 36. சரி, போர்ட்டில் ஏதோ பிழை என்று நினைத்து அதே கேபிளைப் பின்பக்க நீலப் போர்ட்டுக்கு மாற்றினேன்: 37. போர்ட்டில் பிழையில்லை என்று முடிவு கட்டினேன். எஸ்.எஸ்.டியைக் கேபிளோடு வீட்டுக்குக் கொண்டுபோய், 10 கிகாபிட் போர்ட் உள்ள என் மடிகணினியில் கொழுவினேன்: 38.

மூன்று போர்ட், இரண்டு கணினி, ஒரே வேகம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது எஸ்.எஸ்.டி மட்டும்தான் என்று எனக்குப் பட்டது. "அண்ணை, சாமான் சரியில்லைப் போல" என்று தொலைபேசியில் சொன்னேன். அவர் அடுத்த நாளே கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க ஆயத்தமானார்.

இன்னொன்றும் பொதுவாக இருந்தது. கேபிள். அது என் கணக்கிலேயே வரவில்லை. கேபிளை நாங்கள் ஒரு சாமானாக எண்ணுவதே இல்லை. கயிறு மாதிரி அதுவும் ஒன்று.

இரண்டாம் நாள்: கேபிளும் நீலப் போர்ட்டும்

சாமானைத் திருப்பிக் கொடுக்கப் பெட்டி வேண்டும் என்று தங்கச்சி லாச்சியைத் துழாவினார். பெட்டிக்குள், உத்தரவாத அட்டைக்குக் கீழே, உறை பிரிக்காத ஒரு சாண் நீளக் கேபிள் கிடந்தது.

"அண்ணா, இது மேசைக்குக் கீழ இருக்கிற கேசிங்குக்கு எட்டாது. அதுதான் போன் சார்ஜர் வயரைப் போட்டனாங்கள்."

இரண்டு கேபிளையும் பக்கத்தில் வைத்து, போனின் வெளிச்சத்தில் அகலமான முனைக்குள்ளே பார்த்தேன். சார்ஜர் வயரில் வெள்ளை நாக்கின் மேல் நான்கு தங்கப் பட்டைகள், அவ்வளவுதான். பெட்டியில் வந்ததில் நீல நாக்கு. முன்னால் அதே நான்கு, உள்ளே தள்ளி இன்னும் ஐந்து. அந்த ஐந்தும் 2008இல் யூ.எஸ்.பி 3.0 வந்தபோது சேர்க்கப்பட்டவை. அவை இல்லாத கேபிள் 2000இல் வந்த 2.0 வேகத்தில்தான் ஓடும். அது 480 மெகாபிட், கணக்கில் 60 மெகாபைட். இரு பக்கமும் கட்டளையும் பதிலும் பரிமாறும் செலவு போக, கையில் வருவது 35 முதல் 40 வரை. ஆகவே 36 என்ற இலக்கம் தற்செயலானதல்ல, 2.0இன் கைரேகை மாதிரி அது. எந்தக் கருவியில் பார்த்தாலும் இந்த இலக்கம் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். நான் நினைக்கவில்லை.

சின்னக் கேபிளோடு என் மடிகணினியில் கொழுவினேன்: 960. சாமான் அசல்தான். கடைக்காரரிடம் போகாமல் தப்பியதே பெரிய விஷயம்.

பிறகு ஸ்டூடியோ கணினியின் முன்பக்க நீலப் போர்ட்டில், அதே சின்னக் கேபிளோடு: 38.

தம்பி என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். கேபிள் மாற்றியும் பலனில்லை. முதல் நாள் போர்ட் மாற்றியும் பலனில்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் குற்றமற்றவை. ஒரே பாதையில் ஒரே அளவு ஒடுக்கமான இரண்டு இடங்கள் இருந்தால், ஒன்றை அகலமாக்கினாலும் தண்ணீர் முன்போலத்தான் வரும். "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்" என்று நானே பொடியங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை என்னை ஏமாற்றியது இப்படித்தான்.

எஸ்.எஸ்.டியைக் கேசிங்கின் பின்னால் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னக் கேபிளைப் பின்பக்கப் போர்ட்டில் கொழுவி வேகச் சோதனை மென்பொருளை ஓட்டினோம்: 430.

கேசிங்கைத் திறந்தேன். முன்பக்க நீலப் போர்ட்டிலிருந்து வரும் தடித்த வயர், மதர்போர்ட்டில் அதற்குரிய 19 பின் இடத்தில் இல்லை. ஒரு சிறிய மாற்றி (அடாப்டர்) வழியாக 9 பின் இடத்தில், அதாவது 2.0க்கான இடத்தில் செருகியிருந்தது. வெளியே நிறம் நீலம், உள்ளே பழைய பாதை.

அந்த மாற்றியைப் போட்டவன் நான்தான். 2022இல் கேசிங் மாற்றும்போது 19 பின் இடத்தில் ஒரு பின் வளைந்துவிட்டது. அந்த நேரம் நாட்டில் டொலர் இல்லை. சாமான் வருவது அருமை, வந்தாலும் விலை கேட்கப் பயம். புது மதர்போர்ட் எடுக்க வழியில்லாமல் "இப்போதைக்கு" என்று மாற்றியைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். ஒரு துண்டு எழுதிக்கூட ஒட்டி வைக்கவில்லை.

அன்றுதான், எந்தப் போர்ட்டில் உள்ள கருவி எந்த வேகத்தில் பேசுகிறது என்று காட்டும் இலவச மென்பொருளையும் திறந்தேன். முன்பக்கத்தில் "ஹை ஸ்பீட்", பின்பக்கத்தில் "சூப்பர் ஸ்பீட்" என்று காட்டியது. யூ.எஸ்.பி உலகத்தில் "ஹை ஸ்பீட்" என்றால் பழைய 480 மெகாபிட். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. பெயர் வைப்பதில் யூ.எஸ்.பி தரத்தை வகுப்பவர்களை மிஞ்ச ஆளில்லை. 2008இல் 3.0 என்றிருந்த அதே 5 கிகாபிட் 2013இல் 3.1 ஜென் 1 ஆனது, 2017இல் 3.2 ஜென் 1 ஆனது. வேகம் அசையவில்லை, பெட்டியில் இலக்கம் மட்டும் ஏறியது.

"அப்ப மிச்சம் 600 எங்க?"

உரிமையாளருக்கு 430 போதவில்லை. பெட்டியில் 1050 என்றால் 1050 வரவேண்டும் என்பது அவர் நியாயம். பின்பக்கப் போர்ட் 5 கிகாபிட். அதில் எட்டு பிட் டேட்டாவை அனுப்பப் பத்து பிட் செலவாகும். ஆக உச்சமே 500 மெகாபைட், கையில் வருவது 400 சொச்சம். 1050க்கு 10 கிகாபிட் போர்ட் வேண்டும், இந்த மதர்போர்ட்டில் அது இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம், உண்மையான நிகழ்வு ஒன்றைக் கொப்பி பண்ணியபோது 430உம் வரவில்லை, 165தான். வீடியோ இருப்பது கணினிக்குள் உள்ள சுழலும் ஹார்ட் டிஸ்க்கில். அது வாசிக்கும் வேகமே அவ்வளவுதான்.

இதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு உதவியது அவருடைய பழைய தொழில்தான். மினி-டிவி (MiniDV) கெசட்டை பயர்வயர் கேபிளால் கணினிக்கு ஏற்றிய காலத்தை நினைவுபடுத்தினேன். ஒரு மணித்தியாலக் கெசட் ஏற எவ்வளவு நேரம்?

"ஒரு மணித்தியாலம்தான். வேற வழியில்லையே."

அந்த பயர்வயர் 400 மெகாபிட். கெசட்டில் இருந்த வீடியோவோ செக்கனுக்கு 25 மெகாபிட் மட்டும். கேபிளில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. கெசட் அதன் வேகத்தில்தான் சுற்றும். "அப்ப இந்த ஹார்ட் டிஸ்க்தான் இப்ப எங்கட கெசட்" என்றார். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

10 கிகாபிட் விரிவாக்க அட்டை வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வாசிக்கும் பக்கம் 165இல் நிற்கும்போது எழுதும் பக்கத்தை 1000 ஆக்குவது காசைக் கிணற்றில் போடுவது.

பதிலாக, கார்டிலிருந்து வருவது முதலில் இறங்கும் இடமாக 2 டெராபைட் சாட்டா எஸ்.எஸ்.டி ஒன்றைக் கணினிக்குள் போட்டோம். சாட்டா என்பது கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் வழி, 6 கிகாபிட். 550 வரை வாசிக்கும். அதனால் அடுத்த தடை வெளி போர்ட்டின் 430 ஆகிறது. அது எங்களுக்குப் போதும்.

உண்மையில் முதலில் மாற்றவேண்டியிருந்தது கார்ட் ரீடர். அவர்களிடம் இருந்தது பழைய 2.0 ரீடர், 34. கமராக்களின் கார்டுகள் யூ.எச்.எஸ்-1 வகை, அந்த வகையின் எல்லை 104 மெகாபைட். 3.0 ரீடரில் போட்டபோது 88 வந்தது. இரண்டு ரீடர் வாங்கி, இரண்டு கமராவின் கார்டையும் ஒரே நேரத்தில் ஏற்றும்படி செய்தோம். அந்த எஸ்.எஸ்.டியோடு ஒப்பிட்டால் ரீடர் இரண்டினதும் விலை சில்லறைக் காசு. எல்லோரும் டிஸ்க்கைத்தான் பார்க்கிறார்கள், ரீடரைப் பார்ப்பதில்லை.

தங்கச்சியின் கணினிக்கு நெட்வொர்க் வழியாக ஒரு பிரதி அனுப்பலாமே என்ற யோசனையும் வந்தது. இடையில் இருந்த பழைய சுவிட்ச் 100 மெகாபிட். அதில் 11 மெகாபைட்தான் வரும், யூ.எஸ்.பி 2.0ஐ விட மோசம். கிகாபிட் சுவிட்ச் போட்டால் 110 அளவு வரும். அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டோம்.

வளைந்த பின்னை நிமிர்த்தவில்லை. முறிந்தால் சீசன் நடுவில் கணினியே நின்றுவிடும். கேசிங்கை மேசைக்குக் கீழிருந்து எடுத்து, பின்புறம் ஆட்களைப் பார்க்கும்படி ஸ்டூலில் திருப்பி வைத்தோம். பார்க்க வடிவில்லை, ஆனால் சாண் நீளக் கேபிள் எட்டுகிறது. சார்ஜர் வயரைத் தம்பியிடம் கொடுத்து வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னேன்.

எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும் கொப்பி மென்பொருள் ஒன்றையும் போட்டோம். சரிபார்ப்பு முடியாமல் எந்தக் கார்டையும் போர்மட் செய்வதில்லை என்பது உரிமையாளரே போட்ட புது விதி.

பிறகு

கார்டு ஏற்றம் நாற்பது நிமிடத்துக்குள் முடிகிறது. வெளி எஸ்.எஸ்.டிக்குப் போகப் பதினைந்து நிமிடம், சரிபார்க்க இன்னொரு பதினைந்து. அலுமாரி டிஸ்க் பழைய சுழலும் வகை. 115இல் தொடங்கி, நிரம்ப நிரம்ப 60க்கு இறங்குகிறது. அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனாலும் அது தன்பாட்டில் ஓடும், பக்கத்தில் எடிட்டிங்கும் நடக்கும். எட்டு மணித்தியால வேலை இரண்டரைக்குள் வந்தது. மூன்றாவது பிரதியும் திரும்ப வந்தது. அதை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எதிர்பாராத தொல்லை ஒன்றும் வந்தது. பின்பக்கத்தில் எஸ்.எஸ்.டி ஓடத் தொடங்கியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. யூ.எஸ்.பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். மவுஸின் டொங்கிள் (கணினியில் கொழுவும் குட்டி ரிசீவர்) பேசுவதும் அங்கேதான், கொழுவியிருந்ததும் எஸ்.எஸ்.டிக்கு அடுத்த போர்ட்டில். டொங்கிளை முன்பக்கத்துக்கு மாற்றினோம். மவுஸுக்கு 2.0 தாராளம்.

அந்தச் சாமத்தியவீட்டுக் குடும்பம் கனடா திரும்பும் முன் எடிட் செய்த பிரதியைக் கேட்டுத் தங்கள் பென் ட்ரைவைத் தந்தார்கள். நீல முனை, மேலே 3.0 என்ற எழுத்து. மென்பொருளும் "சூப்பர் ஸ்பீட்" என்றே காட்டியது. எழுதும்போது 12. கேபிளில்லை, போர்ட்டும் சரி. உள்ளே உள்ள மலிவான மெமரிதான் அவ்வளவு. 90 ஜிகாபைட்டுக்கு இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். அவர்கள் ஐபோன் 15இல் எடுத்த துண்டுகளையும் சேர்க்கச் சொன்னார்கள். சி வகைத் துளை இருக்கிறது என்று தம்பி சின்னக் கேபிள் போல் வேகமான ஒன்றைத் தேடினார். அந்த மொடலின் சி துளை 2.0 வேகம்தான், புரோவில் மட்டும் 10 கிகாபிட் என்று சொல்லித் தேடலை நிறுத்தினேன்.

இனி நான் மாற்றிச் செய்வது

வேகம் குறைவு என்று யார் அழைத்தாலும், கொப்பி பண்ணிப் பார்ப்பதற்கு முன் அந்த மென்பொருளில் கருவி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அரை நிமிட வேலை. அன்று பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சம், உரிமையாளரிடம் பிழையான தீர்ப்புச் சொல்லியிருக்கவும் மாட்டேன். பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், ஒவ்வொன்றாக மாற்றாமல் சரியென்று தெரிந்த போர்ட், சரியென்று தெரிந்த கேபிள் இரண்டையும் ஒன்றாக வைத்துத் தொடங்கி, சந்தேகமானதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கிறேன். அதற்காகவே ஒரு நல்ல கேபிள் இப்போது என் பையில் தனியாக இருக்கிறது, அதை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை.

அந்தக் கேசிங்கின் முன்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறேன்: "நிறம் நீலம், வேகம் 2.0. உள்ளே மாற்றி, 2022." அதற்குக் கீழே மவுஸ் டொங்கிள் நிற்கிறது. மதர்போர்ட் மாற்றும் நாள் வரும்வரை வளைந்த பின் வளைந்தபடியே இருக்கும்.